ஓடுவதற்காக வாங்கிய மோட்டார் சைக்கிள்

1

ஓம், உண்மைதான். நான் மோட்டார் சைக்கிள் ஓடுகிறேன். என் கணவர் பின்னால் இருந்து வருகிறார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அக்கா, அங்கை முழுக்க உங்கட கதைதான்" என்று தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் என்னோடு ஆசுபத்திரியில் தாதியாக வேலை செய்தவர்களும், என் கணவரோடு கந்தோரில் வேலை செய்த சிநேகிதர்களும் ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறார்களாம். ஒரு கதையில் நான் தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டேன். இன்னொரு கதையில் இவர் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்றாவது கதையில் நான் தோல் சட்டை போட்டுக்கொண்டு ஏதோ மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடு மெல்போன் முழுவதும் திரிகிறேன்.

தோல் சட்டை மட்டும் உண்மை. நாங்கள் இருக்கிற வெரிபீயின் குளிர்காற்றுக்குக் கம்பளிச் சட்டை காணாது.

வந்தவர் போன பிறகு, "அவங்கள் கதைக்கட்டும், விடும்" என்றார் இவர். எனக்கு விட மனம் வரவில்லை. அரைகுறையாகக் கேட்டுக் கதை கட்டுகிறவர்களுக்கு முழுக்கதையையும் உங்கள் பத்திரிகை வழியாக நானே சொல்லிவிடுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும். இது யாரிடமும் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதுவது அல்ல.

2

வெரிபீ, மெல்போனுக்கு மேற்கே தட்டையாகக் கிடக்கிற ஊர். கோவா, அதாவது முட்டைக்கோசு, விளைகிற தோட்டங்கள், அவற்றுக்கு அப்பால் கடல். மரங்கள் குறைவு, காற்று அதிகம். நகரத்துக்கு ரெயில் இருக்கிறது. ஆனால் ஆசுபத்திரியில் காலை முறைக்குப் போகிற எனக்கு அது உதவாத நேரத்தில்தான் வரும்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது இதெல்லாம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. இவர் ஒரு பழைய கார் வாங்கினார். படவரைஞராக வேலையும் கிடைத்தது. காலையில் என்னை ஆசுபத்திரியில் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போவார். மகள் வதனி நடந்தே பள்ளிக்கூடம் போவாள்.

ஒருநாள் காலை, முகம் கழுவிவிட்டு வந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மனோ, கண்ணுக்குள்ளை ஆரோ திரைச்சீலையை இழுத்து மூடுற மாதிரிக் கிடக்கு."

விழித்திரை கழன்றுவிட்டது. சத்திரசிகிச்சை செய்தார்கள், ஒட்டவில்லை. அடுத்த ஆண்டு மற்றக் கண்ணிலும் அதே திரைச்சீலை இறங்கியது. இப்போது வெளிச்சமும் இருட்டும் தெரியும். முன்னால் ஆள் நிற்பது நிழலாகத் தெரியும். அந்த ஆள் யார் என்பது குரல் கேட்டால்தான் தெரியும்.

படம் வரைகிற மனிதருக்குக் கண் போனால் என்ன மிச்சம்? வேலை போனது. லைசென்ஸை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். காரை விற்றோம். நான் முறையை மாற்றிக்கொண்டு ரெயிலில் போய்வந்தேன். பிறகு அவர் வீட்டுக்குள் ஒரு கதிரையில் உட்கார்ந்தபடியே இருந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும், அவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். வேலையால் வந்து நான் கதவைத் திறக்கும்போது காலையில் விட்டுப்போன அதே இடத்தில், அதே மாதிரி இருப்பார். நோயாளிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அது நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை.

கண் தெரியாதவர்களுக்குத் தொழில் பழக்குகிற ஓர் இடத்தில் டெலிபோன் சுவிச்போர்ட் பழகினார். இவருடைய குரல் நல்ல குரல். காதும் கூர்மை. லாவர்ட்டன் பக்கத்தில் இருக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை இருப்பதாகச் சொன்னார்கள். முதல் மாதம் பரீட்சார்த்தம். மனேஜர் நேர்மையான மனிதர், ஒளிக்காமல் சொன்னார்: "உன் கண்ணைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நேரத்துக்கு வருவாயா என்பதுதான் கவலை. காலையில் போன் அடிக்கத் தொடங்கினால் எடுக்க ஆள் வேண்டும்."

ரெயில் நிலையத்திலிருந்து அந்தத் தொழிற்சாலைக்கு நடைபாதை இல்லாத ரோட்டால் வெகுதூரம் நடக்க வேண்டும். லொறிகள் போகிற ரோட்டு. ஒருநாள் ஒத்திகை பார்க்கப் போனவர் முழங்காலில் இரத்தத்தோடு திரும்பி வந்தார்.

"ஏலாது எண்டு சொல்லிவிடுவம்" என்றார்.

"சொல்ல ஏலாது" என்றேன் நான்.

கார் ஓடலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பழகினேன். காரின் நாலு மூலையும் எங்கே முடிகின்றன என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பரீட்சையில் இரண்டு தரம் தவறினேன். இரண்டாம் தரம், பரீட்சிக்க வந்த பொலிஸ்காரர் இறங்கி நின்று தன் நெஞ்சைத் தடவினார். நான் சிறுவயதிலிருந்தே சைக்கிள் ஓடியவள். இரண்டு சில்லுக்கு மேலே இருந்தால்தான் ரோட்டு எங்கே, நான் எங்கே என்பது என் உடம்புக்கு விளங்கும்.

3

வழி காட்டியது பக்கத்துத் தோட்டத்துத் தெரேசா. இத்தாலிக்காரி, என் வயதுதான் இருக்கும். றப்பர் சப்பாத்தும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, பின்னால் பெட்டியில் கோவாவை அடுக்கி, ஒரு சின்ன மோட்டார் சைக்கிளில் வரம்புகளுக்கு இடையால் போய்வருவாள். நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் பெண் ஒருத்தி மோட்டார் சைக்கிள் ஓடுகிறாள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. தெரேசா கோவா கொண்டுபோகிறாள் என்றுதான் நினைத்தேன்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவளுடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் பாதி வழியில்தான் சந்திக்கும். "யூ டீச் மீ?" என்றேன். அவள் என் சேலையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு உள்ளே போய், தன் கணவருடைய காற்சட்டை ஒன்றைக் கொண்டு வந்து வேலியில் போட்டாள். அதுதான் பதில்.

யாழ்ப்பாணத்தில் இவரிடம் ஒரு பெரிய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் இருந்தது. கலியாணம் கட்டிய புதிதில் பின்னால் ஒருக்களித்து இருந்து எத்தனையோ தரம் போயிருக்கிறேன். ஒரு கையால் சேலையைப் பிடிக்க வேண்டும், மற்றக் கையால் இவருடைய தோளை. போகும்போது ரோட்டின் ஒரு பாதியைப் பார்ப்பேன், வரும்போது மறு பாதியை. முன்னால் என்ன வருகிறது என்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. கோவாத் தோட்டத்து மண்பாதையில் முதன்முதலாகக் கிளச்சை விட்டு, காலைத் தூக்கி, நேரே பார்த்து நான் போனபோது வாய்விட்டுச் சிரித்தேன். தெரேசா ஏதோ இத்தாலிய மொழியில் கத்தினாள். பிரேக் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள் என்பது வேலியைக் கண்டபிறகுதான் விளங்கியது.

பழகுநர் அனுமதி எடுக்கப் போனேன். அது கையில் கிடைத்தபோது என் பெயருக்கு முன்னால் 'மிஸ்ரர்' என்று அடித்திருந்தது. கீழே ஆண் என்றும் இருந்தது. கவுண்டரில் இருந்த பிள்ளை சிரித்தாள்.

"கவலைப்படாதே. யாராவது கேட்டால் பிழை என்று சொல்லு."

"பிழையென்று தெரிந்தால் திருத்தித் தா."

"அது நேரம் எடுக்கும்."

"எனக்கு இன்று விடுமுறை" என்று சொல்லிவிட்டு அங்கே கிடந்த கதிரையில் இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள், வந்தார்கள். நான் இருந்தேன். பின்னேரம் புதிய அனுமதி ஒன்றை அடித்துத் தந்தார்கள். வேண்டுமென்று செய்த பிழை அல்ல. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பெண் விண்ணப்பிப்பாள் என்று அடித்தவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அப்படித் தோன்றாமல் போனவர்களோடுதான் இந்த நாட்டில் பாதி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஊரில் முழு நேரமும்.

பரீட்சையில் முதல் தரமே சித்தி. காரில் நெஞ்சைத் தடவிய அதே பொலிஸ்காரர்தான். எட்டுப்போல வளைத்து ஓடச் சொன்னார், ஓடினேன். சடுதியாக நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். "காரில் வந்தது உன் சகோதரியா?" என்று கேட்டார்.

4

இனி வண்டி வாங்க வேண்டும். தெரேசாவின் சின்ன வண்டி இரண்டு பேரைத் தாங்காது. மிகப் பெரியது என்னால் முடியாது. நடுத்தரத்தில் ஒன்று போதும் என்று முடிவெடுத்து, நானும் இவரும் நகரத்தில் ஒரு கடைக்குப் போனோம்.

விற்பனைக்காரன் இளம் ஆள், நல்ல சிரிப்பு. நேரே இவரிடம் போய்க் கைகொடுத்தான். எவ்வளவு தூரம் ஓடுவாய், முன்பு என்ன வைத்திருந்தாய் என்று எல்லாம் இவரிடம்தான் கேட்டான். இவரும் விடவில்லை. ஊரில் வைத்திருந்த வண்டியைப் பற்றிச் சொன்னார். எண்ணெய் ஒழுகினதைச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைசியில் அவன் ஒரு வண்டியைக் கிளப்பும் திறப்பை எடுத்து இவர் கையில் வைத்தான்.

"ஒரு சுற்று ஓடிப் பார்."

"நான் ஓடினால் உனக்குக் கடை மிஞ்சாது" என்றார் இவர். "எனக்குக் கண் தெரியாது. ஓடுகிற ஆள் இவள்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு இவருடைய கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தான். திறப்பு இன்னும் இவர் கையிலேயே இருந்தது. நான் எடுத்துக்கொண்டேன்.

அவன் காட்டியவை இரண்டு. இரண்டும் ஜப்பான் வண்டிகள், இரண்டுக்கும் எஞ்சின் நானூறு சிசி. தோற்றம்தான் வேறு. ஒன்று இப்போது அமெரிக்கப் பாணியில் வருகிற குரூசர். ஆசனம் பதிவு. ஹாண்டில் உயர்ந்து ஓடுகிற ஆளை நோக்கி வளைந்து வரும். பெற்றோல் தாங்கி கண்ணீர்த்துளி மாதிரிச் சின்னதாக, வடிவாக இருக்கும். எங்கு பார்த்தாலும் பளபளப்பு. மற்றது சாதாரண வண்டி. ஸ்ரான்டர்ட் என்கிறார்கள். நேரான ஹாண்டில், நீளமான தட்டை ஆசனம், பெரிய தாங்கி. சின்னப்பிள்ளையிடம் மோட்டார் சைக்கிள் கீறச் சொன்னால் எதைக் கீறுமோ அது.

நான் ஐந்தடிக்குச் சற்று மேலே. குரூசரில் ஏறி இருந்ததும் இரண்டு பாதமும் நிலத்தில் பதிந்தன. "பார், உனக்கென்றே செய்தது" என்றான் விற்பனைக்காரன். இவர் தாங்கியைத் தடவினார். நெளிவைத் தடவினார். பிறகு ஆசனத்தின் உயரத்தைக் கையால் அளந்தார். கதிரைக்குள் ஒடுங்கிய நாளிலிருந்து நான் காணாத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில் வந்தது.

"மனோ, இதுதான். இதையே எடுப்பம்."

"இது நல்ல பாரமாக இருக்குமே" என்று நான் விற்பனைக்காரனைக் கேட்டேன்.

"ஷீல் பி ரைட்" என்றான்.

'அவள் சரியாக இருப்பாள்' என்று என்னைப் பற்றித்தான் சொல்கிறான் என நினைத்து, "அது எப்படி உனக்குத் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டேன். எல்லாம் சரிவரும் என்பதற்கு இங்கே அப்படிச் சொல்வார்களாம். இவர் எனக்குத் தமிழில் விளக்கினார். இந்த நாட்டில் வண்டியும் 'அவள்', காரியமும் 'அவள்'. ஓடுகிறவள் மட்டும் கணக்கில் இல்லை.

இவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குரூசரை ஓடிப்பார்த்தேன். கடைத் தெருவுக்குள் சொகுசாக இருந்தது. பெருந்தெருவில் ஏறியதும் காற்று நெஞ்சில் வந்து மோதியது. ஹாண்டில் உயரம் என்பதால் கைகளை விரித்துக்கொண்டு, கொடியில் காயப்போட்ட சேலை மாதிரி இருந்தேன். முன்னால் சரிந்து காற்றை வெட்டவும் வழியில்லை. பின்னால் இவருடைய பாடு அதைவிட மோசம். நெட்டையான மனிதர். பின் ஆசனம் ஒரு கைக்குட்டை அளவு. முழங்கால்கள் மேலே வந்துவிட்டன. என் இடுப்பைப் பிடித்திருந்த கைகள் இறுகிக்கொண்டே போயின.

நிறுத்திவிட்டு, "எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"நல்லாயிருந்தது" என்றார். பொய். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் இவருடைய கைக்கு என்னிடம் பொய் சொல்லத் தெரியாது.

பிறகு சாதாரண வண்டியை ஓடினோம். நிற்கும்போது என் நுனிக்கால் மட்டும்தான் நிலத்தில் பட்டது. கடைவாசலில் ஒரு தரம் சரியப் பார்த்தது, பிடித்துக்கொண்டேன். ஆனால் நகரத் தொடங்கியதும் என் சைக்கிளே திரும்பி வந்ததுபோல இருந்தது. கால்கள் நேர் கீழே. உடம்பைக் கொஞ்சம் முன்னால் சரித்தால் காற்று மேலால் போகிறது. வளைவில் நான் நினைக்கும் இடத்துக்கே போகிறது. பின்னால் இவர் ஆறுதலாக இருந்தார். பிடித்திருந்த கை இளகியது. இடையில் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். அவருக்கே அது தெரிந்திருக்காது.

"இதைத்தான் எடுக்கப் போறன்" என்றேன்.

இவர் சம்மதிக்கவில்லை. விற்பனைக்காரன் தள்ளிப்போய் நின்றுகொண்டான். இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்று தமிழில் சண்டை பிடித்தோம்.

"உமக்குக் கால் எட்டாது. நிக்கேக்கை சரிஞ்சு விழுவீர்."

"விழுந்தா எழும்புவன்."

"நீர் விழுந்தா எனக்குப் பாக்கவும் ஏலாது, தூக்கவும் ஏலாது. அதை யோசிச்சுப் பாத்தனீரோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் விரும்பியது பளபளப்பை அல்ல. தன்னால் காப்பாற்ற முடியாத ஒருத்தியை, விழாத ஒன்றின்மேல் இருத்திவைக்க நினைக்கிறார். நான் அவர் பக்கமாக நெருங்கி நின்றேன். பிறகு சொன்னேன்.

"இஞ்ச பாருங்கோ. ஒரு நாளிலை நாங்கள் நிக்கிறது எவ்வளவு நேரம்? சிக்னலிலை கொஞ்சம், கேற்றடியிலை கொஞ்சம். மிச்சம் முழுக்க ஓட்டம்தான். லொறியும் காத்தும் ஓடேக்கைதான் வரும். நான் நிக்கிறதுக்கு வண்டி வாங்கவோ, ஓடுறதுக்கு வாங்கவோ?"

அவர் சாதாரண வண்டியின் ஆசனத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தார். "வடிவில்லை" என்றார்.

"நானும்தான்" என்றேன். "அதுக்காகக் கட்டாமல் விட்டனீங்களோ?"

அவர் சிரித்ததும், விற்பனைக்காரன் கடதாசிகளை எடுத்துக்கொண்டு வந்தான்.

கதிரைக்கு உறை தைக்கிற ஒருவரிடம் ஆசனத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பாதிக்குள் இருந்த ஸ்பொஞ்சை மட்டும் செதுக்கித் தந்தார். இவருடைய பாதி அப்படியே இருந்தது. தடித்த அடி வைத்த சப்பாத்து ஒன்றும் வாங்கினேன். இப்போது குதி படாவிட்டாலும் அரைப்பாதம் படும். எனக்கு அது போதும்.

5

விழாமல் இல்லை. இரண்டாம் வாரத்திலேயே விழுந்தேன். தொழிற்சாலை வாசலில் கல் பரவியிருந்தது. நிறுத்தக் கால் ஊன்றினேன், கல் உருண்டது, வண்டி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. இவர் துள்ளி விலகிவிட்டார். நான் கீழே இருந்தேன். வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற தொழிலாளர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"வேண்டாம்" என்று இவர் கையைக் காட்டினார். "மனோ, நோவே?"

"இல்லை."

"எந்தப் பக்கம் கிடக்குது?"

"இடப்பக்கம் விழுந்து கிடக்குது. ஹாண்டில் உங்கட இடக்கைக்கு நேரை. குனியுங்கோ. இன்னும் கொஞ்சம். ஓம், அதுதான்."

ஹாண்டிலைப் பிடித்தார். மற்றக் கையை ஆசனத்தின் கீழே கொடுத்தார். தோளால் தள்ளி ஒரே மூச்சில் நிமிர்த்தினார். நான் மறுபக்கம் நின்று தாங்கிப் பிடித்து, வண்டியை நிறுத்தும் கட்டையை இறக்கினேன். காரியம் முடிந்தபிறகும் வண்டியை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "என்னாலை தூக்க ஏலும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சேட்டைத் தட்டிவிட்டு, தடியை ஊன்றி, உள்ளே போன் எடுக்கப் போனார்.

பரீட்சார்த்த மாதம் முடிந்தது. நேரம் பிந்தியதென்று மனேஜர் ஒருநாளும் அவரை ஏசவில்லை. வேலை நிரந்தரமானது. அந்தத் தொழிற்சாலைக்கு நீங்கள் போன் எடுத்தால் கேட்கிற முதற்குரல் யாழ்ப்பாணத்துக் குரல். தமிழில் 'வணக்கம்' சொல்லுகிற மாதிரி அழுத்தி 'குட் மோர்னிங்' என்பார்.

6

மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஆட்கள் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூட்டுப் பிரார்த்தனை வைப்பார்கள். சுவாமி படங்களை யாரோ ஒருவர் காரில் கொண்டு வருவார், முடிந்ததும் கொண்டுபோவார். நாங்கள் வண்டியில் போனோம். சேலை முதுகுப் பையில். மண்டபத்துக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டு வந்து இருந்தேன். தேவாரம் முடிந்து, கடலையும் கற்கண்டுச் சாதமும் பரிமாறும்போது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். வைத்தியர், எல்லோரும் மதிக்கிற மனிதர்.

"தங்கச்சி, குறை நினைக்கக் கூடாது. உது எங்கட ஆக்களுக்குச் சரிவராது. காற்சட்டையோட, ஹெல்மெற்றோட பூசைக்கு வாறது... நாளைக்கு எங்கட பெட்டையளும் கேப்பினம். இஞ்சை இவ்வளவு கார் நிக்குது. ஆரும் உங்களை ஏத்தி இறக்க மாட்டினமோ?"

நான் எழும்பி நின்றேன்.

"நல்லது டொக்டர். திங்கக்கிழமை விடிய இவரை லாவர்ட்டனிலை இறக்க வேணும். பின்னேரம் ஏத்த வேணும். செவ்வாய்க்கிழமையும் அப்பிடித்தான். ஆர் வாறியள்?"

ஒரு பிள்ளையின் தட்டில் கரண்டி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

"இவர் வீட்டுக்குள்ளை கதிரையிலை இருந்த காலத்திலை ஆரும் வரேல்லை. அது எனக்குக் கோவமில்லை, எல்லாருக்கும் வேலை இருக்கு. ஆனா நான் ஒரு வழி கண்டுபிடிச்ச பிறகு, அது சரிவராது எண்டு சொல்லமட்டும் வரவேண்டாம்."

டொக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் சிலர் என்னோடு பேசவில்லை. ஒரு மனிசி மட்டும் கைகழுவும் இடத்தில் வந்து, "அக்கா, கிளச் எண்டுறது எந்தக் கையிலை?" என்று மெல்லமாகக் கேட்டாள். இடக்கை என்று காட்டிக் கொடுத்தேன்.

ஊர்வாயைச் சமாளிக்கலாம். கஷ்டம் வீட்டுக்குள்தான். வதனிக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் வரும். ஒரு மழைநாளில் அவளை வண்டியில் பள்ளிக்கூடத்தில் விடப் போனேன். "மம், ப்ளீஸ், கோணரிலை நிப்பாட்டுங்கோ. ஐ'ல் வோக்" என்றாள். என் அம்மா என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டபோது எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா நடந்து வந்தவள். பிள்ளைகள் வெட்கப்படுவதற்கு மோட்டார் சைக்கிள் தேவையில்லை. தாய் போதும். தெருமூலையில் நிறுத்தினேன். அவள் ஹெல்மெற்றைக் கழற்றி என்னிடம் எறியாத குறையாகத் தந்துவிட்டு மழையில் நடந்தாள். நான் கூப்பிடவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனேன். வழி முழுவதும் ஹெல்மெற்றுக் கண்ணாடிக்குள் மழை பெய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7

இவருடைய தமையன் சிட்னியில், பென்டில் ஹில்லில் இருக்கிறார். வண்டி வாங்கிய செய்தி கேட்ட அன்றே போன் எடுத்தவர். "தம்பி, நாங்கள் தலைநிமிந்து திரியிறதில்லையோ?" என்று கேட்டவர். அதன்பிறகு போன் வருவது குறைந்துவிட்டது. பள்ளி விடுமுறைக்கு அண்ணி மெல்போன் வந்திருந்தா. திரும்பும்போது வதனியையும் தன்னோடு ரெயிலில் கூட்டிக்கொண்டு போனா. "நீங்களும் பிறகு ரெயிலிலை வாங்கோ" என்றா.

இவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "சிட்னிக்கு ரோட்டாலை போனா என்ன?" என்றார்.

போனோம். நாலு நாள் லீவு எடுத்தேன். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், இடையில் ஒரு முழு இரவு மட்டும்தான் அண்ணன் வீடு. முதல் நாள் மாநில எல்லையில் ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். விடுதியை நடத்துகிற பெண்மணி இவரிடம், "நாள் முழுக்க ஓடிக் களைத்திருப்பாய்" என்றாள். இவர், "ஓம், மிகவும் களைப்பு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கண் தெரியாவிட்டாலும் கண்ணடிக்க முடியும்.

வழியில் ஒவ்வொன்றையும் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டு வந்தேன். செம்மறியள். எரிஞ்ச மரங்கள். பெரிய லொறி வருது, இறுக்கிப் பிடியுங்கோ. அவர் சில இடங்களில் என்னை முந்தினார். யூக்கலிப்டஸ் வாசனை, மழை வரப்போகும் மணம், தூரத்து ரெயில். என் முதுகுக்குப் பின்னால் இருந்து, நான் காணாதவற்றை அவர் சொன்னார்.

பென்டில் ஹில்லில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தபோது தமையன் வாசலுக்கு வந்தார். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் வந்து நின்றன. அண்ணன் வண்டியை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. உள்ளே போய்க் கமராவோடு வந்தார்.

"தம்பி, நீ முன்னுக்கு ஏறியிரு. ஹாண்டிலைப் பிடி. மனோ பின்னுக்கு இருக்கட்டும். ஊருக்கு அனுப்ப ஒரு படம் எடுப்பம். படத்திலை பாக்கிற ஆக்களுக்குக் கண் தெரியுதோ தெரியேல்லையோ எண்டு என்ன விளங்கப்போகுது?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பியை ஊர் மறுபடியும் பழையபடி பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அதனால்தான் நான் வாய் திறக்கவில்லை. தீர்மானிக்க வேண்டியவர் இவர். ஆசைப்பட்டால் முன் இடத்தை விட்டுக் கொடுக்கவும் ஆயத்தமாக இருந்தேன்.

இவர் வண்டியைக் கையால் தேடினார். முன் ஆசனத்தில் கை பட்டது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பின்னால் நகர்ந்து தன் இடத்தைப் பிடித்து, காலைத் தூக்கிப் போட்டு இருந்தார்.

"அண்ணை, முன்னுக்கு இருந்து நான் ஓர் இடமும் வரேல்லை. பின்னுக்கு இருந்துதான் மெல்போனிலையிருந்து வந்தனான். எடுக்கிறதெண்டா வந்த மாதிரி எடுங்கோ."

அண்ணன் கமராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எடுக்கவில்லை. வதனி கூட்டத்திலிருந்து வெளியே வந்து, "பெரியப்பா, கிவ் இற் டு மீ" என்று வாங்கினாள். நான் முன்னால் ஏறினேன். "மம், ஹெல்மெற்றைக் கழட்டாதேங்கோ. லுக் அப்" என்றாள்.

அந்தப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். பத்திரிகையில் போடுவதானால் வெட்டாமல் போடுங்கள். முன்னால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு இருப்பது நான். பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு இருப்பவர் என் கணவர்.